வேலையிடத்து நிகழ்வுகளும் உழைப்பவர் மனமும்

வேலையிடத்தில் எழும் உணர்ச்சிகளில் பெரும்பாலானவை சம்பளத் தொகையிலிருந்தோ பதவியின் பெயரிலிருந்தோ நேராகப் பிறப்பதில்லை. அன்றன்று நடப்பவற்றிலிருந்து பிறக்கின்றன. தைத்துக் கொடுத்த துணியைச் சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே வீசுகிறார். கேட்ட விடுப்பு மறுபேச்சில்லாமல் கிடைக்கிறது. பக்கத்து மெஷினில் இருப்பவர் தன் வேலையை முடித்துவிட்டு, தேங்கிக் கிடக்கும் நாலு உருப்படிகளை எடுத்துத் தைத்துத் தருகிறார். ஷிஃப்ட் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓ.டி. (கூடுதல் நேர வேலை) உண்டு என்று அறிவிப்பு வருகிறது. இவை ஒவ்வொன்றும் சிறியது. ஆனால் ஒருவர் மாலையில் என்ன மனத்தோடு வெளியேறுகிறார், மறுநாள் வருகிறாரா, வந்தால் எப்படி வேலை செய்கிறார் என்பதையெல்லாம் முடிவு செய்வது பெரும்பாலும் இவைதான்.

உளவியல் இதை முறையாகச் சொல்லத் தாமதமானது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆய்வாளர்கள் அளந்தது ‘வேலைத் திருப்தி’ என்ற ஒன்றை. ஆண்டுக்கு ஒரு முறை வினாத்தாள் கொடுத்து, ஊதியம், மேலதிகாரி, பதவி உயர்வு பற்றிக் கேட்டு, விடைகளைக் கூட்டி ஓர் எண்ணாகத் தருவார்கள். அந்த எண்ணைக் கொண்டு ஒருவர் நாளை என்ன செய்வார் என்று ஊகித்தால் பல நேரம் தவறிப்போனது. 1996-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஹோவர்ட் வைஸும் ரஸ்ஸல் குரோபன்சானோவும் இந்தக் குறைக்கு விடையாக உணர்ச்சி நிகழ்வுக் கோட்பாட்டை முன்வைத்தார்கள். வேலையின் நிலைமைகள் வேறு, வேலையில் நடக்கும் நிகழ்வுகள் வேறு என்று அவர்கள் பிரித்தார்கள். ஒருவர் மனத்தை நேரடியாகத் தொடுவது நிகழ்வு. எந்த வகை நிகழ்வு அடிக்கடி நேரும் என்பதை நிலைமை தீர்மானிக்கிறது.

இந்தப் பிரிவினையைப் புரிந்துகொள்ள ஓசூர் சாலையின் தொழிற்சாலைத் தொடர் நல்ல இடம். பெங்களூரின் தெற்கே, எலக்ட்ரானிக் சிட்டியை அடுத்து, ஆனேக்கல் வட்டத்தில் இருக்கிறது பொம்மசந்திரா. மெஷின் ஷாப்புகள், மருந்து ஆலைகள், உதிரிபாகத் தொழிற்சாலைகள், தேவி ஷெட்டி நிறுவிய நாராயணா மருத்துவமனை வளாகம் எல்லாம் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. பக்கத்தில் ஹெப்பகோடி, கொஞ்சம் தள்ளிச் சந்தாபுரா. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் ஓசூர். கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா ஆகிய மொழிகள் ஒரே கூரையின்கீழ் கேட்கும். பெங்களூர் நோக்கிப் போகும் இதே சாலையிலும் நகரின் வடமேற்கே பீன்யாவிலும் ஆயத்த ஆடை ஆலைகள் பல. அங்கே மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

ஆயத்த ஆடை ஆலையின் ‘லைன்’ என்பது ஒரு நிலைமை. ஒரு சட்டையை யாரும் முழுதாகத் தைப்பதில்லை. ஒருவர் காலர், ஒருவர் கஃப், ஒருவர் தோள்பட்டை இணைப்பு என்று உருப்படி கைமாறிப் போகும். மணிக்கு எத்தனை உருப்படி என்ற டார்கெட் லைன் முனையில் பலகையில் எழுதப்பட்டிருக்கும். நடுவில் ஒருவர் கழிவறைக்குப் போய்த் தாமதித்தால் அவர் மெஷினருகே துணி குவியும். அடுத்தவர் கை சும்மா இருக்கும். ஷிப்மென்ட் தேதி நெருங்க நெருங்க மேலாளர் ஃப்ளோர் இன்சார்ஜைக் கேட்பார், அவர் சூப்பர்வைசரைக் கேட்பார், சூப்பர்வைசர் லைனில் குரலை உயர்த்துவார். அந்தச் சூப்பர்வைசர் தனி வாழ்க்கையில் மென்மையானவராகவே இருக்கலாம். ஏச்சு என்ற நிகழ்வை அடிக்கடி விளைவிக்கும்படி அந்த அமைப்பே கட்டப்பட்டிருக்கிறது. ‘நல்ல சூப்பர்வைசரைப் போட்டால் சரியாகிவிடும்’ என்று நம்பும் நிர்வாகங்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

நிகழ்வுக்கும் உணர்ச்சிக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. அதை ரிச்சர்ட் லாசரஸ் என்ற உளவியலாளர் மதிப்பீடு என்றார். ஒன்று நடந்தவுடன் மனம் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறது. இது எனக்கு நல்லதா, கெட்டதா? கெட்டதென்றால் யார் பொறுப்பு, என்னால் என்ன செய்ய முடியும்? முதல் கேள்வி கண நேரத்தில் முடிந்துவிடும். எந்த உணர்ச்சி என்பதை முடிவு செய்வது இரண்டாவது. தீங்கு செய்தவர் இன்னார் என்று தெரிந்து, எதிர்க்கவும் முடியும் என்று தோன்றினால் கோபம். எதிர்க்க வழியில்லை என்றால் அச்சம். தவறு தன்னுடையதுதான் என்று படும்போது வெட்கம். யார் மேலும் பழியில்லை, இழப்பு மட்டும் உண்மை என்றால் துக்கம்.

ஒரே நிகழ்வு பலருக்குப் பலவாக ஆவது இதனால்தான். ஓ.டி. அறிவிப்பையே எடுத்துக்கொள்ளலாம். கூடுதல் நேர வேலைக்குத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது இரட்டிப்பு ஊதியம். வட்டிக் கடன் உள்ளவருக்கு அந்த அறிவிப்பு மகிழ்ச்சி. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்தவருக்குத் தவிப்பு. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு ‘மாட்டேன் என்றால் அடுத்த மாதம் கூப்பிடுவார்களா’ என்ற பயம். அந்த ஓ.டி. பணம் போன மாதம் கணக்கில் வரவில்லை என்று கண்டவருக்கு அதே அறிவிப்பு கோபம்.

உணர்ச்சியிலிருந்து செயல் பிறக்கும் வழியும் ஒன்றல்ல. சில செயல்கள் உணர்ச்சியின் சூட்டிலேயே நடந்துவிடுகின்றன: எதிர்த்துப் பேசுவது, அழுவது, மெஷினை விட்டு எழுந்துபோவது, சக தொழிலாளிக்கு ஓடி உதவுவது. இவை உணர்ச்சி உந்தும் செயல்கள். வேறு சில மெதுவாக வருகின்றன. நாள்தோறும் சேர்ந்த அனுபவங்கள் ‘இந்தக் கம்பெனி இப்படித்தான்’ என்ற தீர்ப்பாக இறுகி, அந்தத் தீர்ப்பின்மேல் ஒருவர் யோசித்து முடிவெடுக்கிறார்: வேலையை விடுவது, வேறு ஆலையில் விசாரிப்பது, சங்கத்தில் சேர்வது. ஆண்டுக்கொரு வினாத்தாள் இந்த இரண்டாம் வகையைத்தான் ஓரளவு காட்டும். முதல் வகை அதில் படியாது.

நல்லதும் கெட்டதும் மனத்தில் சம எடை பெறுவதில்லை. ஆண்ட்ரூ மைனர், தெரசா குளோம்ப், சார்ல்ஸ் ஹியூலின் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஊழியர்களிடம் கையடக்கக் கணினிகளைக் கொடுத்து, வேலை நாளில் அவ்வப்போது அப்போதைய மனநிலையையும் நடந்ததையும் பதியச் சொன்னார்கள். நல்ல நிகழ்வுகளே அதிகம் நடந்தன. ஆனால் மனநிலையோடு கெட்ட நிகழ்வுக்கு இருந்த தொடர்பு, நல்ல நிகழ்வுக்கு இருந்ததைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு வலுவாக இருந்தது. ஆயுத பூஜையன்று இனிப்புப் பெட்டி கொடுத்துக் காலாண்டு ஏச்சுகளை ஈடுகட்டப் பார்க்கும் வழக்கம் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் தேவையில்லை.

ஆலைக்குள் நுழையும்போது மனம் வெற்றுத்தாளாக இருப்பதும் இல்லை. நான்சி ராத்பார்டும் ஸ்டெஃபனி வில்க்கும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசி ஊழியர்களைப் பற்றியது. காலையில் எந்த மனநிலையில் வேலையைத் தொடங்கினார்களோ, அதன் சாயலில்தான் பிறகு பேசிய வாடிக்கையாளர்களின் குரலும் அவர்களுக்குக் கேட்டது. வேலையின் தரமும் அதைத் தொடர்ந்தது. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைக் கடந்து ஓசூர் சாலை வழியாக வேலைக்கு வந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. 2010-இல் மேம்பாலச் சாலை வந்தபின்னும் அந்தச் சந்திப்பு நகரத்தின் கேலிப்பொருளாகவே இருந்தது. ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரையிலான மெட்ரோ மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில்தான் திறந்தது.

உடலின் நிலையும் இதில் சேரும். பெங்களூர் வட்டார ஆடை ஆலைகளில் அச்யுதா அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷதம் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, பழைய குழல் விளக்குகளுக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு போட்ட தளங்களில் வெயில் நாட்களில் உற்பத்தி விழுவது பெரிதும் குறைந்தது. எல்.இ.டி. குறைவான வெப்பம் உமிழ்கிறது, அவ்வளவுதான். மின்சாரத்தை மிச்சப்படுத்தச் செய்த மாற்றம் உழைப்பவரின் களைப்பையும் கொஞ்சம் மிச்சப்படுத்தியது.

உணர்ச்சியே வேலையாகும்போது

தையல் லைனில் கோபத்தை அடக்குவது தன்னைக் காத்துக்கொள்ள. மருத்துவமனையிலும் கால் சென்டரிலும் அது சம்பளத்துக்கான வேலையின் ஒரு பகுதி. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் 1983-இல் இதை உணர்ச்சி உழைப்பு என்றார். அவர் முதலில் கவனித்தது டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களை. உள்ளே ஒன்று இருக்க முகத்தில் வேறொன்றைக் காட்டுவது மேற்பூச்சு நடிப்பு. எதிரே இருப்பவரின் நிலையை எண்ணித் தன் உணர்ச்சியையே மாற்றிக்கொள்ள முயல்வது ஆழ்நடிப்பு. இருதய வார்டில் நோயாளியின் மகன் கத்தும்போது ‘பாவம், பயத்தில் கத்துகிறான்’ என்று நினைத்துக்கொள்ளும் நர்ஸ் செய்வது இரண்டாவது. பிற்கால ஆய்வுகள் பலவும் மேற்பூச்சு நடிப்பே மனச் சோர்வோடு அதிகம் சேர்ந்து வருவதைக் கண்டன. ஆழ்நடிப்புக்கு நேரமும் நிதானமும் வேண்டும். ஆள் பற்றாக்குறையான இரவு ஷிஃப்டில் அவை இரண்டும் கிடைப்பதில்லை.

2016 ஏப்ரல்

தனி மனிதர் மனத்தில் நடப்பது ஒரே நாளில் ஒரு சாலை முழுக்க நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே சான்று உண்டு.

தொழிலாளி தன் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதத்தை வருங்கால வைப்பு நிதிக்கு (பி.எஃப்.) கட்டுகிறார். முதலாளியும் 12 சதவீதம் கட்டுகிறார். முதலாளியின் பங்கில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போக, மீதி 3.67 சதவீதம் தொழிலாளியின் பி.எஃப். கணக்கில் சேரும். 2016 பிப்ரவரி 10-ஆம் தேதி மத்திய அரசு விதியைத் திருத்தியது. வேலையை விட்டவர் தன் பங்கையும் அதன் வட்டியையும் மட்டுமே எடுக்கலாம். முதலாளி போட்ட பங்கு 58 வயதில்தான் கிடைக்கும் என்றது திருத்தம். முதுமைக்குச் சேமிப்பு வேண்டும் என்ற நோக்கில் பார்த்தால் அதற்கு ஒரு நியாயம் உண்டு.

ஆனால் ஆடை ஆலைப் பெண்கள் கணக்கில் பி.எஃப். முதுமைப் பணம் அல்ல. நான்கைந்து ஆண்டு வேலை செய்து, வேலையை விட்டு, அந்தத் தொகையை எடுத்துப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையோ கடனையோ தங்கையின் கல்யாணத்தையோ முடித்து, மறுபடி வேறு ஆலையில் சேர்வது பலர் வழக்கமாக இருந்தது. குறைந்தபட்சக் கூலியில் வாழ்பவருக்கு மொத்தமாகக் கைக்கு வரும் பணம் அது ஒன்றுதான். 58 வயதுவரை தையல் மெஷினில் உட்கார முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அறிவிப்பு டெல்லியிலிருந்து வந்தது. ஆலைத் தளத்தில் பலருக்கு அது செய்தித்தாள் வழியாகவும் வாய்வழியாகவும்தான் எட்டியது. கணக்கிலுள்ள பணம் முழுதுமே போய்விடும் என்று நம்பியவர்களும் இருந்தார்கள்.

ஏப்ரல் 18-ஆம் தேதி பொம்மனஹள்ளிப் பகுதியின் ஆடைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஓசூர் சாலையில் இறங்கினார்கள். எந்தச் சங்கமும் அழைப்பு விடுக்கவில்லை. மறுநாள் அது பீன்யா, ஜாலஹள்ளி, ஹெப்பகோடி என்று பரவியது. பேருந்துகள் எரிந்தன, ஹெப்பகோடி காவல் நிலையம் தாக்கப்பட்டு, அங்கே நிறுத்தியிருந்த வாகனங்கள் கொளுத்தப்பட்டன. காவல்துறை தடியடியும் கண்ணீர்ப்புகையும் பயன்படுத்தியது. 19-ஆம் தேதி மாலைக்குள் மத்திய தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா திருத்தம் திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார்.

இதை வெறும் வதந்தியின் விளைவு என்று சொல்வது சோம்பேறித்தனம். திருத்தம் உண்மை, பறிபோக இருந்த பங்கும் உண்மை. மதிப்பீட்டின் இரண்டு கேள்விகளும் இங்கே எல்லாருக்கும் ஒரே விடையைத் தந்தன. தீங்கு பெரியது; செய்தவர் யார் என்பதும் தெளிவு. மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்தது: அன்றாட ஏச்சை ஒவ்வொருவரும் தனியாக வாங்குகிறார்கள், அதனால் அது அச்சமாகவும் வெட்கமாகவும் முடிகிறது. இந்த நிகழ்வோ ஒரே கணத்தில் எல்லாருக்கும் நடந்தது. பக்கத்து மெஷின்காரியும் அதே கோபத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தபோது ‘என்னால் என்ன செய்ய முடியும்’ என்ற கேள்விக்கு விடை மாறிவிட்டது. ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்தவர்கள் இரண்டே நாளில் ஒரு மத்திய அரசு விதியை மாற்றியதற்கு இந்த மாற்றமே காரணம். கல்லெறிந்தவர்களில் எத்தனை பேர் தொழிலாளர்கள், எத்தனை பேர் வெளியாட்கள் என்ற வாதம் பிறகு நடந்தது. ஆலைகளைக் காலி செய்து சாலையை நிரப்பியவர்கள் யார் என்பதில் வாதம் இல்லை.

காரணம் சொல்வதும் காது கொடுப்பதும்

கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பது அந்தச் செய்தியின் விளைவையே மாற்றும் என்று முதலில் உறுதியாகக் காட்டியவர்களில் ஒருவர் ஜெரால்டு கிரீன்பர்க். அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் மூன்று ஆலைகள். ஒப்பந்தங்கள் கைநழுவியதால் இரண்டில் பத்து வாரத்துக்கு 15 சதவீதச் சம்பளக் குறைப்பு. ஓர் ஆலையில் தலைவரே நேரில் வந்து, கணக்குகளைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்கு விடை சொன்னார். மற்றதில் சுருக்கமாக அறிவித்துவிட்டு விமானம் பிடிக்கப் போய்விட்டார்கள். மூன்றாவதில் குறைப்பே இல்லை. 1990-இல் வெளியான முடிவுகளின்படி, காரணம் சரியாகச் சொல்லாத ஆலையில் திருட்டு வெகுவாக உயர்ந்தது. வேலையை விட்டவர்களும் அங்கேதான் அதிகம். நன்கு விளக்கிய ஆலையிலும் திருட்டு கூடியது, ஆனால் குறைவாக. பழைய சம்பளம் திரும்பியதும் திருட்டும் பழைய அளவுக்கு இறங்கியது. இதே கிரீன்பர்க் 2006-இல் நர்ஸ்களைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார். ஊதிய முறை மாறிச் சம்பளம் குறைந்தவர்களுக்குத் தூக்கம் கெட்டது. கீழுள்ளவர்களை நியாயமாக நடத்த மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி தந்த மருத்துவமனைகளில் அது குறைவாகக் கெட்டது.

காரணம் சொல்லப்படாத சம்பளக் குறைவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கோலார் மாவட்டம் நரசாபுராவின் விஸ்ட்ரான் ஆலை ஒரு சான்று. ஐபோன் தயாரித்த அந்த ஆலை 2020 டிசம்பர் 12-ஆம் தேதி இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவர்களால் சூறையாடப்பட்டது. வேலை நேரக் கணக்கு சரியாக நிர்வகிக்கப்படாததால் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சிலருக்குச் சம்பளம் தாமதமானதை ஆப்பிள் பிறகு ஒப்புக்கொண்டது. விஸ்ட்ரானுக்குப் புதிய ஆர்டர் தருவதையும் நிறுத்திவைத்தது. 

காரணம் சொல்வது நிர்வாகத்தின் பக்கம். தொழிலாளி பக்கம் இருப்பதைப் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதினார்: மனம் கசந்தவருக்கு வெளியேறுவது, குரல் எழுப்புவது என்று இரண்டு வழிகள், குரலுக்கு இடம் இருந்தால் வெளியேறுவது குறையும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்த இந்தக் கருத்தை உண்மையான ஆலைத் தளத்தில் சோதித்துப் பார்த்தது ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் என்ற ஆடை நிறுவனத்தின் ஆலைகளில். அத்வர்யு, தெரசா மொலினா, நிஷதம் ஆகியோர் ஒரு குறைந்தபட்சக் கூலி உயர்வைத் தேர்ந்தெடுத்தார்கள். அரசு அறிவித்த உயர்வு தொழிலாளர்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. அது வந்த கையோடு, குலுக்கல் முறையில் தேர்ந்த தொழிலாளர்களிடம் பெயர் குறிக்காத கருத்துக் கணிப்பு நடந்தது. வேலை நிலைமை எப்படி, சூப்பர்வைசர் எப்படி நடத்துகிறார், திருப்தியா என்று கேட்டார்கள். மற்றவர்களிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்கள் அடுத்த மாதங்களில் வேலையை விட்டது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. வராமல் நிற்பதும் குறைந்தது. ஏமாற்றம் அதிகமாக இருந்தவர்களிடம் விளைவும் அதிகம்.

கேள்வி கேட்டதைத் தவிர அவர்களுக்கென்று தனியாக எதுவும் செய்யப்படவில்லை. கூலி கூடவில்லை, சூப்பர்வைசர் மாறவில்லை. இது அறிவியலுக்கு அழகான முடிவு. தொழிலாளிக்கு எவ்வளவு நல்லது என்பது தனிக் கேள்வி. சில தாள்களின் செலவில் ஆட்களைத் தக்கவைக்க முடியும் என்று படிக்கும் நிர்வாகம், கூலிப் பேச்சுக்குப் பதிலாகக் கருத்துப் பெட்டியை மாட்டிவைக்க நேரம் ஆகாது. கணிப்பு நடந்தது ஒரு முறை. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாவிட்டால், கேட்கப்படுவதே ஒரு கெட்ட நிகழ்வாக மாறும் என்று எதிர்பார்க்க மேலே சொன்ன கோட்பாடே போதும். கிரீன்பர்க்கின் ஆலையிலும் விளக்கம் திருட்டைக் குறைத்தது. அது அடங்கியது சம்பளம் திரும்பிய பிறகு.

கேட்பதைச் சட்டமும் கட்டாயமாக்கியிருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள் புகார்க் குழு வேண்டும். இருபதும் அதற்கு மேலும் தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களில் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்பது பழைய தொழில் தகராறு சட்டத்திலேயே சேர்க்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பு அதைத் தொடர்கிறது: குழுவில் இரு தரப்புக்கும் சம இடம், தொழிலாளர்களில் பெண்களின் விகிதத்துக்குக் குறையாமல் பெண் உறுப்பினர்கள், மனு வந்த 30 நாளுக்குள் விசாரணை முடிவு. குழுவின் முடிவு பிடிக்காதவர் சங்கம் வழியாகச் சமரச அதிகாரியிடம் போகலாம். மனு கொடுக்க ஒரு தையல்காரி லைனை விட்டு எழுந்திருக்க வேண்டும். அந்த நேரத்தின் டார்கெட் யார் கணக்கில் விழும் என்பதைப் பற்றித் தொகுப்பு எதுவும் சொல்லவில்லை.